செப்டம்பரில் ஐந்து மாலை

பதினோரு வருடமாக எனக்கு நவம்பரில் லீவு கிடைத்ததே இல்லை. நான் கேஸ் லாரி ஓட்டுகிறேன். மக்காச்சோள அறுவடை சூடுபிடித்ததும் ஒவ்வொரு பண்ணையிலும் தானியம் காயவைக்கும் ட்ரையர் நிற்காமல் ஓடும். அதற்கு புரோபேன் கேஸ் கொண்டுபோய் நிரப்புவது என் வேலை. குளிரும் அப்போதுதான் இறங்கும், வீடுகளைச் சூடாக்குகிற கேஸ் தொட்டிகளும் காலியாகும். வாரத்தில் ஆறு நாள், வெளிச்சம் வருவதற்கு முன் கிளம்பினால் வெளிச்சம் போன பிறகுதான் வீடு. கிடாமான்கள் புத்தி கெட்டுப்போய்ப் பட்டப்பகலில் பெட்டைகளின் பின்னால் ஓடுவதும் அதே நாட்களில்தான். எங்கள் பக்கத்தில் வில் வைத்திருக்கிற அத்தனை பேரும் அந்த இரண்டு வாரத்துக்காக வருடம் முழுக்க லீவைச் சேர்த்து வைப்பார்கள். என் அண்ணன் ஐனாரும் அப்படித்தான்.

ஐனார் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை செய்கிறான். என்னைவிட மூன்று வயது பெரியவன். விஸ்கான்சினின் மேற்கு ஓரத்தில், அப்பா விட்டுப்போன அறுபது ஏக்கர் காடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. நடுவே ஒரு மலைமேடு, இரண்டு பக்கமும் சரிவு, கீழே ஓடை. மேற்கு வேலியைத் தாண்டினால் ஹார்லன் ஸீல்கியின் சோயா வயல்.

அந்த வருடம் ஜூலையில், மான் நடமாட்டம் பார்க்க வேலியோரம் கட்டிவைத்த கேமராவில் ஒரு கிடா விழுந்தது. வளரும் கொம்பை மூடியிருக்கிற பூந்தோல் இன்னும் உரியவில்லை. ஆனாலும் ஒரு பக்கம் ஐந்து கிளை, மறுபக்கம் ஐந்து கிளை என்று எண்ண முடிந்தது. ஆகஸ்ட் முழுக்க மாலை ஏழு மணிக்கு, பஸ் பிடிக்க வருகிற ஆள் மாதிரி, சரிவிலிருந்து இறங்கி சோயா வயலுக்குள் போனது. படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் கெட்டது.

செப்டம்பர் முதல் வாரம் ஐனார் வீட்டு கராஜில் வைத்துப் பேச்சை ஆரம்பித்தேன். அவன் புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வில் சீசன் திறந்த அன்னைக்கே உட்காரப் போறேன்," என்றேன்.

அவன் நிமிரவே இல்லை. "உட்காராத."

"ஏன்?"

"இப்ப நீ உள்ள காலை வச்சா அவன் வாடை பிடிச்சிருவான். ஒரு தடவை பிடிச்சான்னா போச்சு. அப்புறம் இருட்டினாத்தான் வெளிய தலையக் காட்டுவான். நவம்பர் வரைக்கும் காட்டைச் சும்மா விடு மார்லி. பெட்டைங்க படுக்குற இடத்துல போய் உட்கார்ந்தா அவனே தேடிக்கிட்டு வருவான்."

"நவம்பர்ல நான் எங்கடா இருப்பேன்? ஹார்லனோட ட்ரையருக்குக் குழாய் மாட்டிக்கிட்டு இருப்பேன்."

"அதுக்கு நான் என்ன பண்றது? வேற வேலை பாரு."

"நீ ரெண்டு வாரம் மரத்துமேல பரண்ல உட்கார்ந்து சாண்ட்விச் திங்கிறதுக்காக நான் வேலைய விடணுமா?"

"நான் ஏழு மானு அடிச்சிருக்கேன் அந்த சாண்ட்விச்ச தின்னுக்கிட்டே."

"அதுல அஞ்சு, கன்னுக்குட்டிய விடக் கொஞ்சம் பெருசு."

இப்போதுதான் நிமிர்ந்தான். முகம் சிவந்திருந்தது. நான் விடவில்லை. "இங்க பாரு, இப்ப அவன் எங்க படுக்குறான், எங்க திங்குறான்னு நமக்குத் தெரியும். நவம்பர்ல அவன் நம்ம காட்டுலதான் இருப்பான்னு யாரு எழுதிக் கொடுத்தா? பொண்ணு தேடி நாலு மைல் தாண்டிப் போயிருவான். அங்க எவனாவது அடிச்சு, படம் எடுத்து உனக்கே அனுப்புவான்."

இது அவனுக்கு உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் நடந்தது. கடைசியில் பேரம் பேசி முடித்தோம். செப்டம்பரில் எனக்கு ஐந்து மாலை. காலையில் போகக் கூடாது. மேற்கு வேலிப் பரண் மட்டும்தான், அதுவும் என் வாடை அவன் படுக்கிற பக்கம் போகாதபடி வடமேற்குக் காற்று அடிக்கிற நாளில் மட்டும். மேட்டின் உச்சிக்குப் போகவே கூடாது, அது அவனுடைய நவம்பர் இடம். செப்டம்பர் முப்பதுக்குப் பிறகு அக்டோபர் கடைசி வரை இருவருமே காட்டுக்குள் கால் வைப்பதில்லை.

முதல் மாலை, பதினாறாம் தேதி சனிக்கிழமை. முப்பது டிகிரி வெயில். பரணில் ஏறி உட்கார்ந்ததும் முதுகில் வியர்வை ஓடியது. கொசு வலைக்குள்ளேயும் கொசு. ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவன் வந்தான். பூந்தோல் உரிந்து கொம்பு காபி நிறத்தில் மினுங்கியது. ஆனால் வந்தது எனக்குக் கீழே அல்ல, எண்பது கஜம் வடக்கே. ஆகஸ்டில் அவன் நுழைந்த இடைவெளியில் மரம் ஒன்று விழுந்து கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வேறு இடத்தில் வேலி தாண்டினான். சோயாவுக்குள் போய் முக்கால் மணி நேரம் நிதானமாக மேய்ந்தான். நான் வில்லை மடியில் வைத்துக்கொண்டு சினிமா பார்க்கிற மாதிரி பார்த்தேன். இருட்டிய பிறகும் அவன் அங்கேயே நின்றதால் என்னால் இறங்க முடியவில்லை. இறங்கினால் சத்தம் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் ஹார்லனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அவர் தன் பிக்கப்பை வயலோரம் ஓட்டிவந்து மானைக் கலைத்த பிறகுதான் இறங்கினேன்.

"உன்னைய இறக்குறதுக்கு ஒரு வண்டி வேண்டியிருக்கு," என்றார் ஹார்லன், ஜன்னலை இறக்கி. அவருக்கு எழுபத்திரண்டு வயது, கிண்டல் செய்யாமல் ஒரு வாக்கியம் பேச வராது. "பூனைன்னா தீயணைப்புக்காரனைக் கூப்பிடலாம்."

இரண்டாவது மாலைக்காக அரை நாள் லீவு போட்டேன். வானிலை அறிக்கை வடமேற்குக் காற்று என்று சொன்னது. பரணில் ஏறி ஒரு மணி நேரம் கழித்து காற்று நின்றது. பிறகு தெற்கிலிருந்து மெல்ல ஆரம்பித்து, என் கழுத்தின் பின்பக்கம் தொட்டு, நேராக அவன் படுக்கிற சரிவை நோக்கிப் போனது. அந்த நிமிடமே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அரை நாள் லீவாயிற்றே என்று உட்கார்ந்திருந்தேன். ஆறரை மணிக்கு ஒரு கிழட்டுப் பெட்டை வந்து, மூக்கைத் தூக்கி, காலைத் தரையில் அடித்து, 'ஃபூ' என்று சீறியது. சீறிக்கொண்டே சரிவு முழுக்க ஓடியது. ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி இருந்தது.

மூன்றாவது மாலைக்குள் சோயா இலை மஞ்சளாகிவிட்டது. மஞ்சளான சோயாவை மான் சீண்டாது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு அணில் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. மான் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே தெரியவில்லை.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். தீனி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சோயாவை விட்டால் வேறு எது? வெள்ளை ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கிற சமயம். ஆனால் மேற்குச் சரிவில் வெள்ளை ஓக் கிடையாது. எங்கள் காட்டில் அது இருப்பது மேட்டின் உச்சியில், இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள தாழ்வில். ஐனாரின் நவம்பர் இடத்தில்.

மறுநாள் மதியம் மழை தூறியது. வாடையை மழை கழுவிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே போனேன். மரத்தடியில் குனிந்து பார்த்தேன். தரையெங்கும் கடித்துத் துப்பிய கொட்டைத் தோல், ஈரம் காயாத புழுக்கை, என் உள்ளங்கை அகலத்துக்குக் குளம்புத் தடம். பக்கத்தில் இளம் மரம் ஒன்றில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்து வைத்திருந்தான். இருபது கஜம் தள்ளி ஒரு மேப்பிள் மரத்தில், தோளில் தூக்கிப் போகிற சின்னப் பரணைக் கட்டிவிட்டு இறங்கினேன்.

ஐனாரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பான். அதனால் சொல்லவில்லை. அதோடு நிற்காமல், "நாளைக்கு சாயங்காலம் எனக்கு டெலிவரி இருக்கு, காட்டுக்குப் போகல" என்று ஒரு பொய்யும் சொல்லி வைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவன் என் காரைக் கண்டால் சந்தேகப்படுவான் என்று, காரைக்கூட ஹார்லன் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினேன்.

நான்காவது மாலை. வடமேற்குக் காற்று, இந்த முறை பொய்யில்லை. குளிர்ச்சியாக இருந்தது. ஐந்தரைக்கே இரண்டு பெட்டைகளும் ஒரு குட்டியும் வந்து கொட்டை பொறுக்க ஆரம்பித்தன. கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆறே காலுக்கு முகட்டின் மறுபக்கத்தில் ஒரு சுள்ளி முறிந்தது. பார்வையைத் திருப்பினேன். முதலில் கொம்பு, பிறகு நெற்றி, பிறகு கழுத்து. அறுபது கஜம். அவன் அவசரப்படவில்லை. நாலு அடி வைப்பான், நிற்பான், பெட்டைகளைப் பார்ப்பான். ஐம்பது. நாற்பத்தைந்து. நான் எழுந்து நின்று, இழுத்து விடுகிற கொக்கியை வில் நாணில் மாட்டினேன். இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி வைத்தால் ஒரு ஹேசல் புதரைத் தாண்டிவிடுவான். தாண்டினால் விலா முழுக்கத் திறந்து கிடக்கும்.

அப்போது கீழே ஓடைப் பக்கம் ஒரு எஞ்சின் உறுமியது.

அவன் தலை சட்டென்று திரும்பியது. எஞ்சின் மேடேற ஆரம்பித்தது, கியர் மாறியது, இன்னும் நெருங்கியது. பெட்டைகள் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தன. கிடா சீறக்கூட இல்லை. வந்த வழியே திரும்பி, தலையைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு தாவலில் முகட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தான். ஒரு நிமிடம் கழித்து நான்கு சக்கர வண்டியில் என் அண்ணன் வந்து சேர்ந்தான். ஓக் மரத்துக்கு நேர் கீழே நிறுத்தி, பாக்கெட்டிலிருந்து பேட்டரிகளை எடுத்துக்கொண்டு, நான் பார்க்கவே இல்லாத ஒரு கேமராவிடம் நடந்தான்.

"ஐனார்!" என்று மேலிருந்து கத்தினேன்.

பேட்டரியெல்லாம் கீழே சிதறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"அடப்பாவி! நீ இங்க என்ன பண்ற?"

"நான் என்ன பண்றேனா? நீ என்னடா பண்ற? காட்டுக்குள்ள கால் வைக்காதன்னு பிரசங்கம் பண்ணினவன் யாரு?"

"உனக்கு டெலிவரின்னு சொன்ன!"

"நாற்பத்தஞ்சு கஜம்டா! நாற்பத்தஞ்சு! இன்னும் பன்னெண்டு அடி!"

அவன் முகம் வெளுத்தது. "யாரு, அவனா?"

"இல்ல, போஸ்ட்மேன்."

வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். நான் பரணைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தேன். ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டினோம். அவன் தடைசெய்த இடத்தில் நான் பரண் கட்டியதைச் சொன்னான். அவன் ஆகஸ்டிலிருந்தே வாரா வாரம் வண்டியில் வந்து கேமரா பார்த்ததை நான் சொல்லவைத்தேன். "எஞ்சின் சத்தம் மானுக்குப் பழகிப்போகும், நடந்து வந்தாத்தான் பயப்படும்," என்றான் பாதி மனதோடு. "பழகினதைத்தான் பார்த்தேனே," என்றேன். இருட்டியபோது தொண்டை கட்டியிருந்தது. அந்த வண்டியிலேயே அவன் பின்னால் உட்கார்ந்து கீழே வந்தேன். வேறு என்ன செய்வது, பரணையும் வில்லையும் தூக்கிக்கொண்டு ஹார்லன் கொட்டகை வரை ஒரு மைல் நடக்க வேண்டும்.

ஐந்தாவது மாலையும் உட்கார்ந்தேன், கணக்குக்காக. ஒன்றும் வரவில்லை.

அக்டோபரில் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நவம்பர் மூன்றாம் தேதி ஐனார் லீவில் போனான். விடிகாலை ஏறி, சாயங்காலம் இறங்குவான், நடுவில் இறங்குவதே இல்லை. நான் என் பங்குக்கு லாரி ஓட்டினேன். ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி, ஹார்லன் பண்ணையில் ட்ரையர் தொட்டிக்குக் குழாய் மாட்டி நிற்கிறேன். ட்ரையர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அறுத்த சோளக்காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பெட்டை ஓடி வந்தது. அதன் பின்னால் அவன். வாய் திறந்து, நாக்கு தொங்கி, கழுத்து வீங்கி, ஜூலையில் பார்த்ததைப் போல ஒன்றரை மடங்கு. லாரியிலிருந்து இருபது கஜத்தில் நின்றான். என்னைப் பார்த்தான். கேஸ் நாற்றம், டீசல், ட்ரையர், ஆரஞ்சுச் சட்டை போட்ட நான், எதுவும் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. பெட்டை நகர்ந்ததும் அவனும் நகர்ந்தான், எங்கள் காட்டுக்கு நேர் எதிர்த்திசையில்.

ஐனாருக்குப் போன் செய்தேன். குசுகுசுவென்று எடுத்தான். "என்ன?"

"அவன் இங்க இருக்கான். ஹார்லன் சோளக்காட்டுல. கிழக்க போறான்."

"எனக்கு அஞ்சு நாளா ஒரு முயல்கூட வரல, மார்லி," என்றான். குரல் உடைந்திருந்தது. "கால்ல விரல் இருக்கான்னே தெரியல."

சிரிக்கத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நாள். சனி ராத்திரி ஐனாரே கூப்பிட்டான். "நாளைக்கு ஓக் மரத்துக்கிட்ட நீ உட்காரு. நான் கீழ ஓடைக்குப் போறேன்." மன்னிப்பு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு முகட்டின் மேல் இலை தெறிக்கிற சத்தம் கேட்டது. பெட்டை முதலில், அவன் ஐந்து கஜம் பின்னால். இரண்டும் குதிரைப் பந்தய வேகத்தில் என் மரத்துக்குக் கீழே பதினைந்து கஜத்தில் பாய்ந்தன. நான் நாணை இழுத்திருந்தேன். "மே..." என்று குரல் கொடுத்தேன். எந்த மானும் ஒரு நொடி நிற்கும். அவன் நிற்கவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன், கடைசியில் "நில்லுடா!" என்றே கத்தினேன். ஓக் மரத்தை ஒரு சுற்று, மேப்பிளை ஒரு சுற்று, மறுபடி எனக்குக் கீழே, மறுபடி அந்தப் பக்கம். அம்பின் முனை அவனோடு சேர்ந்து சுற்றியது. விலாவில் குறி வைத்தால் முனை தொடையில் நிற்கும், தொடையில் வைத்தால் காற்றில் நிற்கும். ஓடுகிற மிருகத்தை அடித்து, வயிற்றில் குத்தி, மூன்று நாள் சாகவிடுவதற்கு நான் இங்கே வரவில்லை. தோள் எரிய எரிய இழுத்துப் பிடித்திருந்தேன். பிறகு இரண்டும் சரிவில் பாய்ந்து மறைந்தன. நாணை மெல்ல இறக்கினேன். தோளில் உயிரே இல்லை.

ஐனார் ஓடையிலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். "பதினஞ்சு கஜம்! விட்டிருக்கணும் மார்லி."

"நீயா இருந்தா விட்டிருப்பியா?"

யோசித்தான். எதற்கும் உடனே பதில் சொல்கிற ஆள். "தெரியல," என்றான்.

துப்பாக்கி சீசன் பதினெட்டாம் தேதி தொடங்கியது. அன்றும் எனக்கு வேலை. மூன்று மணிக்கு ஹார்லன் பண்ணைக்குள் லாரியைத் திருப்பினால், கொட்டகை உத்தரத்தில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். எனக்குப் படங்களில் மனப்பாடமான கொம்பு. பக்கத்தில் ஹார்லனின் மருமகள் கொரின், யாரோ கொடுத்த, அவளுக்கு இரண்டு மடங்கு பெரிய ஆரஞ்சு ஜாக்கெட்டில் நின்றாள். கல்யாணமாகி மில்வாக்கியிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வாழ்க்கையில் முதல் மான்.

"எங்க உட்கார்ந்த?" என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

"சோயா வயல் ஓரமா, ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு," என்றாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. "அரை மணி நேரம்கூட இல்லைங்க. காபி ஊத்திக்கிட்டு இருந்தேன், அவர் பாட்டுக்கு நடந்து வந்து எதிர்ல நின்னாரு. ரொம்பக் களைச்சுப் போன மாதிரி இருந்தாரு. நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டனா?"

ஹார்லன் கொட்டகை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிண்டல் நுனிநாக்கில் நின்றது தெரிந்தது. அதை விழுங்கிவிட்டார்.

"இல்லம்மா," என்றேன். "நல்லா அடிச்சிருக்க. ஒரே குண்டு, சரியான இடம்." கையுறையைக் கழற்றிக் கொம்பின் அடியைப் பிடித்துப் பார்த்தேன். சொரசொரப்பாக, நான் நினைத்ததைவிடத் தடிமனாக இருந்தது. இரண்டு வாரமாக ஓடியதில் விலா எலும்பு எண்ணிவிடலாம் போலிருந்தது. தோளில் வேறொரு கிடா குத்திய காயம் பாதி ஆறியிருந்தது.

தோலை உரிக்க அவளுக்குத் தெரியவில்லை. ஹார்லனுக்கு மூட்டு வலி. குழாயை மாட்டித் தொட்டி நிரம்புகிற நேரத்தில் எங்கே கத்தி வைக்க வேண்டும், எங்கே கையால் இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். அடுத்த டெலிவரிக்கு இருபது நிமிடம் தாமதம்.

சாலைக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தி ஐனாருக்குப் போன் செய்தேன்.

"பக்கெட்டா?" என்றான். "பக்கெட்டுமேலயா?"

"ஆமா."

"அரை மணி நேரமா?"

"அதுக்கும் கம்மி."

அவன் பெருமூச்சு விட்டது போனில் நன்றாகக் கேட்டது. பிறகு, "அடுத்த வருஷம் செப்டம்பர்ல..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடுறா," என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பினேன். இன்னும் ஆறு பண்ணை பாக்கி இருந்தது.